இரண்டு மஞ்சள் மாத்திரைகள்

புளிக் காலம் வந்து விட்டால் அரூர் வட்டாரத்தில் பல வீட்டுத் திண்ணைகளில் ஒரே சத்தம் கேட்கும்.

"டக்... டக்... டக்..."

பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டுவார்கள். ஓட்டை உடைப்பார்கள். நாரை உரிப்பார்கள். கொட்டையைத் தட்டி எடுப்பார்கள். வாய் ஊர்க் கதை பேசும். கை மட்டும் நிற்காது. எடைக்குத் தக்க கூலி. கை எவ்வளவு வேகமோ, அவ்வளவு காசு.

அப்படி வேலை செய்யும் ஒரு தாய்க்கு, ஒரு நாள் காலையில் விரல்கள் மடங்கவில்லை என்று வைத்துக் கொள்ளுங்கள்.

முதலில் அவள் அதைப் பெரிதாக நினைக்க மாட்டாள். "ராத்திரி கையைத் தலைக்கு வைத்துத் தூங்கி விட்டேன் போலிருக்கிறது" என்பாள். வெயில் ஏற ஏறக் கை கொஞ்சம் இளகும். வேலைக்குப் போய் விடுவாள். மறுநாளும் அப்படியே. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், விரல்களின் அடிக் கணுக்கள் வீங்கி இருக்கும். வலது கையில் எந்தக் கணு வீங்கியதோ, இடது கையிலும் அதே கணு! வாசலில் கோலப் பொடியைப் பிடிக்க முடியாது. மாட்டுக் காம்பைப் பிடித்துப் பால் கறக்க முடியாது. பிள்ளைக்குத் தலை வாரிப் பின்னவும் முடியாது.

மாமியார் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பாள். உப்பு ஒத்தடம் கொடுப்பாள். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தின்றால் அன்றைக்குச் சுகம். மறுநாள் பழைய கதைதான்.

இந்த வியாதிக்கு நம் பக்கத்தில் "சரவாங்கி" என்று பெயர். "முடக்கு வாதம்" என்றும் சொல்வார்கள். வயதானவர்களுக்கு முழங்கால் தேய்ந்து வருகிறதே, அந்த வலி வேறு, இது வேறு. நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக, இது வருகிறது. ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம். வேலை செய்து சம்பாதிக்கும் வயதில் வந்து பிடித்துக் கொள்ளும்.

வீட்டைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டுக்காரனை அடித்தால் எப்படி இருக்கும்? அதுதான் இங்கே நடக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்க்க நம் உடம்பில் ஒரு படை இருக்கிறது. ஏதோ தவறு நேர்ந்து, அந்தப் படை நம் மூட்டுகளையே பகையாளி என்று நினைத்துத் தாக்குகிறது. தாக்கத் தாக்க மூட்டு வீங்குகிறது. கவனிக்காமல் விட்டால் எலும்பு அரித்து, விரல்கள் கோணிப் போகின்றன. கோணிய விரலை எந்த எண்ணெயும் நிமிர்த்தாது.

கடைசியில் அந்தத் தாய் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். ரத்தப் பரிசோதனை நடக்கிறது. டாக்டர் இரண்டு மாத்திரைகள் எழுதித் தருகிறார். பார்த்தால் இரண்டும் பெரும்பாலும் மஞ்சள் நிறமாகவே இருக்கும்.

"அம்மா, இந்த மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். புதன்கிழமை என்றால் புதன்கிழமை மட்டும். இந்த இன்னொன்று வேறு நாளில். மாற்றிப் போட்டு விடாதீங்க!"

முதல் மாத்திரையின் பெயர் மெத்தோட்ரெக்சேட். இரண்டாவது ஃபோலிக் அமிலம்.

ஒன்று வியாதியை அடக்குகிறது. மற்றது, முதல் மாத்திரையால் வரும் வாய்ப்புண், குமட்டல் முதலிய தொல்லைகளைக் குறைக்கிறது. உலகம் முழுவதும் சரவாங்கிக்காரர்களுக்கு முதலில் எழுதிக் கொடுக்கப்படும் மருந்து இதுதான்.

இந்த இரண்டு மாத்திரைகளும் ஒரே ஆராய்ச்சிச் சாலையில் உருவானவை. அந்த ஆராய்ச்சிச் சாலை இருந்தது அமெரிக்காவில். ஆனால் அதன் தலைவராக இருந்தவர், சென்னைத் திருவல்லிக்கேணியில் பள்ளியில் படித்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் பயின்றவர்!

அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

கேள்விப்பட்டதில்லையா? வெட்கப்பட வேண்டாம். நன்றாகப் படித்தவர்களில் கூடப் பலர் கேள்விப்பட்டதில்லை.

ஓடிப் போன பையன்

1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி, அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த பீமவரம் என்ற ஊரில் சுப்பாராவ் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் ஒருவர். தகப்பனார் நோயினால் வேலையை விட்டவர். வீட்டில் வறுமை.

பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை. பணம் சம்பாதிக்க வேண்டும் என்பதே எண்ணம். பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடினார். எங்கே? காசிக்கு! அங்கே வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகி விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். நல்ல வேளை, பிடித்து வந்து விட்டார்கள். வாழைப்பழ வியாபாரம் நடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திருக்காது.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்றாவது முறைதான் தேறினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறி, பிறகு மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அந்த நாட்களில் ராமகிருஷ்ண மடத்தின் மேல் பற்று ஏற்பட்டது. சந்நியாசியாகி விட விரும்பினார். "வைத்தியம் படித்து ஜனங்களுக்குச் சேவை செய்" என்று சொன்னார்கள். அதனால் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்.

அது காந்திஜியின் அழைப்பு நாட்டையே உலுக்கிய காலம். சுப்பாராவ் கதர் உடுத்தத் தொடங்கினார். கல்லூரியில் அறுவை வைத்தியம் படிக்கும்போதும் கதர் அங்கிதான்! வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சையில் நன்றாக எழுதியும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். தான் கிடைத்தது.

பட்டத்தில் ஒரு படி குறைந்தால் உத்தியோகத்தில் பத்துப் படி குறையும். சர்க்கார் வைத்தியப் பகுதியில் அவருக்கு இடமில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தார்.

அண்ணன் தம்பியைக் கொன்ற வியாதி

இதற்கிடையில் அவர் குடும்பத்தில் இடி விழுந்தது. ஸ்ப்ரூ என்று ஒரு குடல் வியாதி. தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு நிற்காது. ரத்தம் வற்றி, ஆள் எலும்புக் கூடாகி விடுவார். அந்த வியாதிக்குச் சுப்பாராவின் உடன்பிறந்தவர்கள் இருவர் பலியானார்கள். அவருக்கும் அந்த வியாதி வந்தது. லட்சுமிபதியின் வைத்தியத்தால் பிழைத்தார்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தே தீருவது என்ற வைராக்கியம் அவர் மனத்தில் விழுந்தது அப்போதுதான் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பின்னால் நடந்தவற்றைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

காக்கிநாடாவில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமம் என்று ஒன்று உண்டு. அதன் உதவியும், மாமனாரின் உதவியும் சேர்ந்து, சுப்பாராவ் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1923 அக்டோபர் மாதம் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுப் போனார். சில ஆண்டுகளில் திரும்பி விடலாம் என்பது எண்ணம்.

அவர் திரும்பவே இல்லை.

பாஸ்டனில் அவருக்குக் கையில் காசில்லை. பகலில் ஹார்வர்டில் படிப்பு. இரவில் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்காரர். சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கியவர், அங்கே நோயாளிகளின் மலச்சட்டியைச் சுமந்தார்!

1925இல், ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை ஒன்றை ஃபிஸ்க் என்ற பேராசிரியருடன் சேர்ந்து கண்டுபிடித்தார். "ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை" என்று அதற்குப் பெயர். உயிர் வேதியியல் படிக்கும் மாணவர்கள் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள். பிறகு, தசை வேலை செய்யப் பலம் எங்கிருந்து வருகிறது என்ற ஆராய்ச்சியில் இறங்கினார்கள். பாஸ்போகிரியாட்டின் என்ற பொருளை 1927இல் கண்டார்கள். 1929இல் ஏ.டி.பி. என்ற பொருளைக் கண்டார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டார். நம் உடம்பில் ஒவ்வோர் அணுவும் செலவழிக்கும் காசு அந்த ஏ.டி.பி.தான். புளி தட்ட ஓங்கும் கையும் அந்தக் காசைச் செலவழித்துத்தான் ஓங்குகிறது.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான உத்தியோகம் கொடுக்கவில்லை. கண்டுபிடிப்புகளில் தன் பங்கு எவ்வளவு என்று அவர் தம்பட்டம் அடித்துக் கொண்டதே இல்லை. அது குணமா குறையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதனால் நஷ்டம் அவருக்குத்தான்.

1940இல் அவர் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார். நியூயார்க் ராஜ்யத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் அதன் ஆராய்ச்சிச் சாலை. அங்கே ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவரானார். இருபது ஆண்டுகளாக அடக்கி வைத்திருந்த வேகம் எட்டே ஆண்டுகளில் வெளிப்பட்டது.

அமுதும் அதன் எதிரியும்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். துணி மில்களில் வேலை செய்யும் ஏழைக் கர்ப்பிணிகள் ரத்த சோகையால் மடிந்து கொண்டிருந்தார்கள். காரணம் என்ன? ஈஸ்ட் சாரமான மார்மைட் என்ற பண்டத்தைக் கொடுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்த பெண்கள் தேறினார்கள்! அதில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது என்று தெரிந்தது. என்ன சத்து என்று தெரியவில்லை. கீரையிலும் ஈரலிலும் அது உண்டு என்று பின்னால் பலர் கண்டார்கள்.

அந்தச் சத்தைத் தனியே பிரித்து, அதன் அமைப்பை அறிந்து, 1945இல் செயற்கையாகச் செய்து காட்டியவர்கள் சுப்பாராவின் குழுவினர். அதுதான் ஃபோலிக் அமிலம். அமெரிக்க டாக்டர்கள் அதை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குணம் தெரிந்தது!

அண்ணன் தம்பியைக் கொன்ற வியாதிக்கு மருந்து கிடைத்து விட்டது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்துடன் சேர்த்துக் கொடுக்கிறார்களே, அதுவும் இந்த ஃபோலிக் அமிலம்தான்.

கதை இதோடு முடியவில்லை. பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்று ஒரு டாக்டர். ரத்தப் புற்று நோயால் குழந்தைகள் மடிவதைப் பார்த்துப் பார்த்து வேதனைப்பட்டவர். ஃபோலிக் அமில வகை மருந்தைக் கொடுத்தால் அந்த வியாதி குறைவதற்குப் பதிலாக வளர்வது போல் அவருக்குத் தெரிந்தது. அப்படியானால் அதற்கு எதிரான பொருளைக் கொடுத்தால்?

சுப்பாராவின் குழுவினர் அந்த எதிர்ப் பொருளைச் செய்து கொடுத்தார்கள்.

ஒரு பூட்டை நினைத்துக் கொள்ளுங்கள். சரியான சாவி போட்டால் திறக்கும். அதே சாவியைப் போல் ஒரு போலிச் சாவி செய்து உள்ளே நுழைத்தால்? நுழையும், ஆனால் திரும்பாது. வெளியேயும் வராது. பிறகு நல்ல சாவிக்கு இடமேது? ஃபோலிக் அமிலம் நல்ல சாவி. குழுவினர் செய்த அமினாப்டெரின், மெத்தோட்ரெக்சேட் என்ற இரண்டும் போலிச் சாவிகள். கட்டுக்கடங்காமல் பெருகும் அணுக்களை அவை பட்டினி போட்டன.

1948இல் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். அமினாப்டெரின் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு வியாதி தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை அந்த வியாதிக்கு மருந்து என்று ஒன்றே இல்லை!

இதே ஆராய்ச்சிச் சாலையில், சுப்பாராவின் மேற்பார்வையில், யானைக்கால் வியாதிக்கான டி.இ.சி. மருந்தும் உருவாயிற்று. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்தார்களே, அது இந்த மருந்துதான். ஆரியோமைசின் என்ற கிருமிக் கொல்லியும் அங்கேதான் பிறந்தது. அதைக் கண்டெடுத்தவர் டக்கர் என்ற முதிய தாவர நிபுணர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவரை ஆதரித்து வேலை செய்ய விட்ட தலைவர் சுப்பாராவ்.

ஆறு வாரம்

1948 ஆகஸ்டு மாதம் ஓர் இரவு, சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். வயது 53. ஊரை விட்டுப் போய் இருபத்தைந்து ஆண்டுகள் ஆகவிருந்தன. அமெரிக்கப் பிரஜையாக அவர் பதிந்து கொள்ளவில்லை. சேஷகிரி அம்மையார் இங்கே காத்திருந்தார்.

ஏறக்குறைய ஆறு வாரம் கழிந்தது. செப்டம்பர் 21ஆம் தேதி, அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்ற ஊரில் உள்ள மேயோ ஆஸ்பத்திரியில், சரவாங்கியால் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்த இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு டாக்டர் ஹெஞ்ச் ஒரு புதிய மருந்தை ஊசி மூலம் செலுத்தினார். சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய் வந்தாள்!

அந்த மருந்துதான் கார்ட்டிசோன். உலகமே வியந்தது. 1950இல் ஹெஞ்சுக்கும், அவருடன் கெண்டால், ரைக்ஸ்டைன் என்ற இரு ரசாயன அறிஞர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கொடுத்தது சரிதான். ஆனால் நாளாக ஆகக் கார்ட்டிசோனின் மறுபக்கம் தெரிந்தது. அதிக அளவில் நெடுங்காலம் சாப்பிட்டால் முகம் உப்பும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். வலி உடனே போகிறது என்பதற்காக இந்த வகை மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் மாதக் கணக்கில் வாங்கித் தின்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைச் சொன்னேன்.

கார்ட்டிசோன் ஆரவாரத்தில் ஒரு சின்னச் செய்தி அமுங்கிப் போயிற்று. 1951இல் நியூயார்க் டாக்டர் கப்னர் என்பவர், சுப்பாராவ் குழுவின் அமினாப்டெரினைச் சரவாங்கி நோயாளிகள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார். வீக்கம் வற்றியது. அவர் எழுதி வெளியிட்டார். யாரும் சட்டை செய்யவில்லை. புற்று நோய் மருந்தை மூட்டு வலிக்குக் கொடுப்பதா என்ற பயம்!

இருபது ஆண்டுகள் உருண்டன. ஹாஃப்மைஸ்டர் என்று ஒரு டாக்டர். பெரிய பல்கலைக்கழகத்தில் இருப்பவர் அல்லர். அமெரிக்காவின் மேற்குக் கோடியில் ஸ்போகேன் நகரில் வைத்தியம் பார்த்தவர். அவர் மெத்தோட்ரெக்சேட்டை மிகச் சிறிய அளவில், வாரம் ஒரு தடவை, தம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். பலர் தேறினார்கள். 1972இல் அதைச் சொன்னார். அப்போதும் பலர் நம்பவில்லை. அவர் விடவில்லை, மேலும் நோயாளிகளைக் கவனித்துக் கணக்கு வைத்தார்.

1985இல் பாஸ்டன் நகரில் வைன்பிளாட் என்ற டாக்டரும் அவரது தோழர்களும் முறைப்படி சோதித்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அப்படிச் சோதித்துப் பார்த்ததில் மருந்து ஜெயித்தது. சுப்பாராவ் இரவில் மலச்சட்டி சுமந்த அதே பாஸ்டன்! 1988இல் அமெரிக்க சர்க்கார், சரவாங்கிக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. அதைச் செய்தவர்களின் தலைவர் இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகி விட்டன.

இந்தச் சிறிய அளவில் மருந்து எப்படி வேலை செய்கிறது? அணுக்களைப் பட்டினி போடுவது மட்டும் காரணமல்ல என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அடினோசின் என்ற பொருளை மூட்டில் அதிகப்படுத்தி, கோபம் கொண்ட படையைச் சாந்தப்படுத்துகிறது என்பது அவர்கள் கருத்து. அடினோசின் என்றால் என்ன? சுப்பாராவ் 1929இல் கண்ட ஏ.டி.பி.யின் உடலே அதுதான்!

பரிசு பெற்றவர்கள்

வாத நோய் ஆராய்ச்சியில் உழைத்தவர்களை உலகம் மதிக்காமல் இல்லை. சுவீடன் தேசத்தில் ஹோல்கர் கிராஃபோர்ட் என்று ஒரு தொழிலதிபர் இருந்தார். அவரே சரவாங்கியால் கடுமையாக அவதிப்பட்டவர். 1980இல் அவரும் மனைவி அன்னா கிரேட்டாவும் பெரும் நிதி வைத்துப் பரிசு ஒன்றை ஏற்படுத்தினார்கள். வான சாஸ்திரம், கணிதம், பூமி சாஸ்திரம், உயிரினங்களின் வாழ்க்கை ஆகிய துறைகளுடன், பல மூட்டு வாதத்தையும் பரிசுக்குரிய துறையாகச் சேர்த்தார்கள். மூட்டு வாதத்தில் தகுந்த முன்னேற்றம் இருந்தால்தான் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. இருபது வருஷம் யாருக்கும் கொடுக்கவில்லை!

2000ஆம் ஆண்டில் முதல் தடவையாகக் கொடுத்தார்கள். பெற்றவர்கள் இருவர். ஒருவர் மார்க் ஃபெல்ட்மன். மற்றவர் ரவீந்தர் நாத் மைனி. ஆம், நம் தேசத்தில் பிறந்தவரேதான். 1937இல் பஞ்சாப் மாகாணத்து லூதியானாவில் பிறந்து, உகாண்டாவில் வளர்ந்து, இங்கிலாந்தில் படித்து டாக்டரானவர்.

மூட்டில் படைகளை ஏவி விடுவது டி.என்.எஃப். என்ற ஒரு பொருள். அந்த ஒன்றைக் கட்டிப் போட்டால் கலகம் அடங்கும் என்று இவர்கள் லண்டன் ஆராய்ச்சிச் சாலையில் கண்டார்கள். பலர் சிரித்தார்கள். "மூட்டில் நூறு பொருள் இருக்கிறது, ஒன்றைத் தடுத்து என்ன பயன்?" என்றார்கள். 1992இல் இருபது நோயாளிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். படி ஏற முடியாதவர்கள் ஏறினார்கள்! 2003இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசும் இருவருக்கும் கிடைத்தது. அதே ஆண்டில் மைனி பிரிட்டனில் "சர்" பட்டம் பெற்றார்.

2017இல் இதே கிராஃபோர்ட் பரிசைப் பெற்ற மூவரில் ஜப்பானியரான சகாகுச்சியும், அமெரிக்கரான ராம்ஸ்டெலும் இருந்தனர். உடம்பின் படையை அடக்கி வைக்கும் போலீஸ் அணுக்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள். 2025இல் அவர்கள் இருவருக்கும், மேரி பிரன்கோ என்ற பெண் விஞ்ஞானிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மைனியின் ஊசி நல்ல ஊசி. ஆனால் விலை அதிகம். அத்துடன் ஒரு வேடிக்கை: அதைத் தனியே போடுவதை விட மெத்தோட்ரெக்சேட்டும் சேர்த்துக் கொடுத்தால் பலன் நீடிக்கிறது என்று மைனியே கண்டு சொன்னார். லண்டனில் பரிசு வாங்கிய மருந்துக்கும் பக்கத் துணை, பரிசு வாங்காதவரின் பழைய மாத்திரைதான்.

சுப்பாராவுக்குப் பரிசு ஒன்றும் இல்லை. இறந்தவர்களுக்கு நோபல் பரிசு கொடுப்பதில்லை. ஒரு காளான் வகைக்கு விஞ்ஞானிகள் அவர் பெயரைச் சேர்த்து "சுப்பாரோமைசிஸ்" என்று பெயர் வைத்தார்கள். 1995இல், அவர் பிறந்த நூற்றாண்டில், இந்திய சர்க்கார் ஒரு தபால் தலை வெளியிட்டது. கதர் உடுத்தியதால் பட்டம் இழந்தவருக்குச் சுதந்திர நாடு ஒட்டிய தலை!

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். சுப்பாராவ் வாத நோய் ஆராய்ச்சி செய்தவர் அல்லர். இந்த மாத்திரை மூட்டுக்கு உதவும் என்று அவருக்குத் தெரியாது. பீக்கரைப் பிடித்துச் செய்தவர்களும் அவருடைய குழுவில் இருந்த ரசாயன நிபுணர்கள்தான். அவர் வழி காட்டினார், ஆள் சேர்த்தார், விடாமல் துரத்தினார். கப்னரும் ஹாஃப்மைஸ்டரும் இல்லாவிட்டால் அந்த மாத்திரை மூட்டுக்கு வந்து சேர்ந்திருக்காது.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு

இனி மீண்டும் அரூருக்கு வருவோம்.

முதலில் ஒரு விஷயம். தர்மபுரி மாவட்டத்தில் மூட்டு வலி என்றால் எல்லாம் சரவாங்கி ஆகி விடாது. இந்த மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். அந்தத் தண்ணீரை நெடுங்காலம் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். சிலருக்கு முதுகும் மூட்டும் இறுகி வளைந்து போகும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஃப்ளூரைடு வியாதிக்கு மெத்தோட்ரெக்சேட் உதவாது. நல்ல தண்ணீர்தான் தடுப்பு. எது எந்த வியாதி என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காமல், இரண்டு கைகளிலும் வீக்கம் ஆறு வாரம் நீடித்தால், காத்திருக்க வேண்டாம்.

சரவாங்கிதான் என்று தெரிந்து மாத்திரை எழுதிக் கொடுத்து விட்டார்கள். இனிமேல்தான் வீட்டில் உள்ளவர்களுக்கு வேலை.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. தினமும் சாப்பிடும் மருந்து அல்ல. "வாரம் ஒன்று சாப்பிட்டே இவ்வளவு குணம், தினம் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகுமே" என்று நினைத்தவர்கள் உண்டு. இரண்டு மஞ்சள் மாத்திரைகளையும் மாற்றிப் போட்டவர்கள் உண்டு. தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகும். ரத்த அணுக்கள் குறையும். உயிரே போய் விடும். உலகெங்கும் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. போலிச் சாவி எல்லாப் பூட்டிலும் நுழைந்து விடும் அல்லவா?

ஆகவே ஒரு கிழமையைக் குறித்துக் கொள்ள வேண்டும். அரூர்ப் பக்கத்தில் சந்தை நாளைக் குறித்துக் கொண்டால் மறக்காது. மாத்திரை அட்டையில் அந்தக் கிழமையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். அம்மாவுக்கு எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். ஃபோலிக் அமில மாத்திரையை வேறு டப்பாவில் வைக்க வேண்டும். குணம் தெரிய ஆறு வாரம், சில சமயம் மூன்று மாதம் கூட ஆகும். இரண்டு வாரத்தில் "பலிக்கவில்லை" என்று நிறுத்தக் கூடாது.

கர்ப்பிணிகளும், குழந்தை வேண்டும் என்றிருப்பவர்களும் இதைச் சாப்பிடவே கூடாது. வயிற்றில் உள்ள சிசுவுக்கு ஆபத்து. இதைச் சாப்பிடுபவர்கள் குடியை விட வேண்டும். டாக்டர் சொல்லும் நாளில் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோ, வாய்ப்புண்ணோ, விடாத இருமலோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடுமுன் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இவ்வளவும் கவனமாகச் செய்து வரும் வீடுகளில் பல கைகள் பழையபடி மடங்குகின்றன. எல்லோருக்கும் என்று சொல்ல மாட்டேன். பலருக்கு.

புதன்கிழமை ராத்திரி. சாப்பாடு முடிந்தது. அம்மா அட்டையை எடுக்கிறாள்.

"இன்னைக்கு என்ன கிழமைடா?"

"புதன்மா."

"சரியாப் பார்த்துச் சொல்லு."

பையன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். "பு... த... ன்."